பகாவுல ஒரு மேசை போடுங்க: வக்கீல் இல்லாம குடும்ப கேஸுக்கு அலையறவங்களுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நாட்டின் தலைமை நீதிபதி அவர்களுக்கும், கோர்ட் தலைமைப் பதிவாளர் ஆபிஸுக்கும், சட்டத்துறையப் பாத்துக்கற அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் மலேசியாவுல நெகிரி செம்பிலான் மாநிலத்துல, பகாவ் டவுன்ல ஃபோட்டோஸ்டேட் கடை வெச்சிருக்கேன். பெரிய கடையெல்லாம் இல்ல, ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேட் பண்ண ஒன்னு, அவ்ளோதான். சுத்தி இருக்கற தோட்டங்கள்லேர்ந்து வர்ற நம்ம ஜனங்களாலதான் கடை ஓடுது. ஐசி காப்பி, பொறப்பு பத்திரம் காப்பி, பிள்ளைங்க ஸ்கூல் பாரம், சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) பாரம், எல்லாத்தையும் மலாய்ல டைப் பண்ணி குடுப்பேன், தெரியலன்னா நாலு பேர கேட்டு குடுப்பேன். ஆனா ஒரே ஒரு கட்டு பேப்பர் வந்தா மட்டும் எனக்கு கையே ஓடாது, அது புருஷன் பொண்டாட்டி கேஸ் பேப்பர். அந்த மாதிரி பேப்பரோட அலையறவங்களுக்கு வழி சொல்ல, சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள பகாவுல ஒரு மேசை போட்டு உக்கார வெய்யுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிட்டு படிங்க.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு அக்கா வந்தாங்க. செம்பனை தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்கற வேலை. வேலை முடிச்சு அப்படியே வந்துட்டாங்க, காலுல பூட்ஸ், முழங்கை வரைக்கும் சாக்ஸ வெட்டி மாட்டியிருந்தாங்க. பையிலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல எடுத்து கவுண்டர்ல வெச்சாங்க. உள்ள கோயில்ல தாலி கட்டுன போட்டோ ஒன்னு, மூணு பிள்ளைங்களோட பொறப்பு பத்திரம், பேங்க் புக், அப்புறம் கோர்ட்டுலேர்ந்து திரும்பி வந்த ஒரு பாரம். அந்த பாரத்து மேல ஒரு மஞ்சள் துண்டு பேப்பர் ஸ்டேப்பிள் பண்ணி, மலாய்ல மூணு வரி எழுதியிருந்துச்சு. முழுசா இல்ல, அஃபிடவிட் சேக்கல, மறுபடி கொண்டு வாங்கன்னு அர்த்தம். "தங்கச்சி, இதுல என்னமா போட்டுருக்கு, ரெண்டு தடவ போய்ட்டேன்"னு கேட்டாங்க. நான் படிச்சு சொன்னேன். "அஃபிடவிட்னா என்னமா"ன்னாங்க. சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறது அக்கான்னு சொன்னேன். "அதுல என்ன எழுதணும்?" அங்கதான் நான் நின்னுட்டேன், ஏன்னா அது எனக்குத் தெரியல, தெரிஞ்சாலும் நான் காசு வாங்கிட்டு எழுதிக் குடுக்கற விஷயமும் இல்ல. வக்கீல் லைசன்ஸ் இல்லாத ஆளு காசு வாங்கிட்டு கோர்ட் பத்திரம் தயார் பண்ணக்கூடாதுன்னு 1976 வக்கீல் தொழில் சட்டம் சொல்லுது, அது நல்ல சட்டம்தான், ஜனங்கள ஏமாத்தறவங்க கையிலேர்ந்து காப்பாத்தறதுக்கு வந்தது. ஆனா அந்த அக்காவ நான் எங்க அனுப்பறது?

அவங்க கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல. புருஷன் வீட்ட விட்டு போய் ரெண்டு வருஷம் ஆச்சு, பிள்ளைங்க செலவுக்கு மாசாமாசம் ஏதாவது குடுக்கச் சொல்லணும், அவ்ளோதான். டைவர்ஸ் வேணாம்ங்கறாங்க. டைவர்ஸ் வாங்கினாத்தான் காசு கேக்க முடியும்னு யாரோ சொல்லியிருக்காங்க, அது தப்பு. 1950லயே வந்த சட்டம் ஒன்னு இருக்கு, மனைவி பிள்ளைகள் ஜீவனாம்ச சட்டம், அதுபடி டைவர்ஸ் இல்லாமலே கீழ் கோர்ட்டுல போய் கேக்கலாம். கட்டலன்னா அவரு சம்பளத்துலேர்ந்தே புடிச்சு அனுப்ப வைக்கறதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. இன்னொருத்தர் அவங்ககிட்ட கோயில் கல்யாணம்தானே, ரிஜிஸ்டர் பண்ணலையே, உனக்கு ஒன்னும் கிடைக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் இன்னும் மோசம். 1982 மார்ச் 1லேர்ந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், பண்ணாத கல்யாணத்துல மனைவிங்கற உரிமையக் கேட்டு நிக்கறது ரொம்ப கஷ்டம். ஆனா பிள்ளைங்களுக்கு அப்படி இல்ல, கல்யாணம் சட்டப்படி ரிஜிஸ்டர் ஆகலன்னாலும் அப்பன் பிள்ளைக்கு செலவு குடுக்கணும்னு அதே 1950 சட்டத்துல இருக்கு. ஆக ஒரே பொம்பளைக்கு, ஒரே கேஸுல, தனக்கு கேட்டா ஒரு பதில், பிள்ளைக்கு கேட்டா வேற பதில். இத அவங்களுக்கு உக்கார வெச்சு சொல்றதுக்கு பகாவுல யாரு இருக்கா? இதெல்லாம் நான் சட்டம் படிச்சு தெரிஞ்சுக்கல, என் சொந்தக் கதையில அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டது.

என் கதையையும் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் ஒத்துவராம போனப்ப, ரெண்டு பேரும் சேந்து சம்மதிச்சு மனு போடற வழி எனக்கு இல்ல, அவரு கையெழுத்தே போட மாட்டேன்னுட்டாரு. அதனால ஒத்தையா மனு போடணும்னா மொதல்ல ஜேபிஎன்ல, அதாவது தேசியப் பதிவு இலாகாவுல இருக்கற கல்யாண ட்ரிபியூனலுக்கு, புருஷன் பொண்டாட்டிய சேத்து வைக்கப் பாக்கற குழுவுக்கு, போகணும்னாங்க. போனேன். அங்க எனக்கு ஒரு ஆச்சரியம், 1976 கல்யாண டைவர்ஸ் சட்டத்துல 106வது பிரிவு, அங்க வக்கீல் யாருக்காகவும் ஆஜராகக்கூடாதுன்னு சொல்லுது. ட்ரிபியூனல் சம்மதிச்சாலொழிய சொந்தக்காரங்க தவிர வேற யாரும் நமக்காக பேசவும் முடியாது. சரின்னு நானே பேசுனேன். முதல் நாள் தொண்டை அடைச்சிடுச்சு, ரெண்டாவது தடவ கொஞ்சம் பரவால்ல, மூணாவது தடவ தேதி, வருஷம், அடிச்ச நாள், ஆஸ்பத்திரி போன நாள் எல்லாம் ஒரு குட்டி 555 நோட்டுல எழுதிட்டு போய் படிச்சேன். அவங்க பொறுமையா கேட்டாங்க. கடைசியில சேத்து வைக்க முடியலன்னு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. ட்ரிபியூனலுக்கு ஆறு மாசம் டைம்னு சட்டம், என்னுது அதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு.

அந்த சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு அடுத்த படிக்கு போனேன், அது ஹைகோர்ட். கவுண்டர்ல இருந்தவங்க மரியாதையாத்தான் பேசுனாங்க, எந்த கோர்ட்டுன்னு சொல்ல விரும்பல, அந்த ஆளுங்க மேல எனக்கு கோவமும் இல்ல. "நாங்க சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, வக்கீல் வெச்சுக்கங்க"ன்னாங்க. இன்னொரு தடவ கேட்டேன், அதே பதில். வெளிய வந்து ரெண்டு வக்கீல் ஆபிஸ்ல விசாரிச்சேன், சொன்ன தொகை என் கையில இல்ல. வீட்டுக்கு வந்து அந்த சர்ட்டிபிகேட்ட பீரோவுல சேலைக்கு அடியில வெச்சேன். ரெண்டு வருஷம் அங்கயே கெடந்துச்சு. ரெண்டு வருஷம் நான் டைவர்ஸும் இல்ல, குடும்பமும் இல்ல, வீட்டு கடன் பாரத்துல கல்யாணம் ஆனவளான்னு கேட்டா என்ன எழுதறதுன்னு தெரியாம நின்னேன். முதல் கதவுல வக்கீல் வேணாம்னு சொன்ன அதே சட்டம், ரெண்டாவது கதவுல என்னைய கையப் புடிச்சு கூட்டிட்டு போக ஒரு ஆள வெக்கல. அப்புறம் கோயில் கமிட்டியில ஒரு அம்மா சொல்லி, சிரம்பான்ல சட்ட உதவிக்கு எழுதிப் போட்டு, அங்க ஒரு சின்ன வயசு வக்கீல் பொண்ணு என் கேஸ எடுத்து முடிச்சு குடுத்துச்சு. அந்த பிள்ளைக்கு நான் சாகற வரைக்கும் நன்றி மறக்க மாட்டேன்.

அதனால உதவியே இல்லன்னு நான் சொல்ல வரல. இருக்கு. 1971 சட்ட உதவிச் சட்டத்துல வந்த ஜபத்தான் பந்துவான் குவாமான், அதாவது அரசாங்க சட்ட உதவித் துறை இருக்கு, ஜேபிஜிங்கறது அதுதான், வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு குடும்ப கேஸும் எடுப்பாங்க. வக்கீல் மன்றத்தோட சட்ட உதவி மையங்க இருக்கு. ஒய்பிஜிகேன்னு (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) இன்னொன்னு இருக்கு, ஆனா அது முக்கியமா போலீஸ் புடிச்ச கேஸ், கிரிமினல் கேஸுக்கு, பேர்ல பந்துவான் குவாமான்னு இருக்கறதால நம்ம ஜனங்க குடும்ப பிரச்சினைய தூக்கிக்கிட்டு அங்க போய் நிக்கறாங்க, இது எங்க இடம் இல்லன்னு சொன்னா, எந்த இடமும் இல்ல போலன்னு நெனச்சு வீட்டுக்கு வந்துடறாங்க. எது எதுக்குன்னு சொல்றதுக்கே ஒரு ஆள் வேணும்.

சிரம்பான் பக்கம்தானேன்னு உங்களுக்கு தோணலாம். பகாவுலேர்ந்து கோலப்பிலா வழியா புக்கிட் புத்துஸ் தாண்டி 60, 70 கிலோமீட்டர். கார் இருக்கறவங்களுக்கு ஒன்னுமில்ல. தோட்டத்துக்குள்ளேர்ந்து பகாவ் வர்றதுக்கே பக்கத்து வீட்டு மோட்டர கெஞ்சி கேக்கணும், அப்புறம் பஸ்ஸு. இப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 26 நாள் வேலைன்னா ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு அஃபிடவிட் சேக்கலன்னு திருப்பி அனுப்புனா அந்த பொம்பளைக்கு 65 வெள்ளியும் பஸ் காசும் போச்சு, மூணு தடவ திருப்புனா பிள்ளைக்கு கேக்கற ஒரு மாச காசே அதுல போய்டும். அதுக்கு மேல இப்ப பேப்பர் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஈ-ஃபைலிங் பண்ணணும், வக்கீல் இல்லாதவங்க கோர்ட்டுல அதுக்குன்னு இருக்கற கவுண்டர்ல குடுத்து ஏத்தணும். பாரத்துலயே தப்பு இருந்தா ஏத்தி என்ன ஆகப் போகுது.

இன்னொரு ஆளு கதை சொல்றேன், இது ஆம்பள. ரெண்டாவது கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் பண்ண பேப்பர் காப்பி எடுக்க வந்தாரு, சந்தோஷமா, வெத்தல பாக்கு தட்டு ஆர்டர் எல்லாம் குடுத்துட்டு வந்திருக்காரு. காப்பி எடுக்கும்போது பாத்தேன், டைவர்ஸ் ஆர்டர்ல டிக்ரி நைசின்னு இருந்துச்சு. "அண்ணே, இது முடிவான பேப்பர் இல்லைன்னு நெனக்கிறேன், மூணு மாசம் கழிச்சு அப்சலூட் ஆக்குவாங்க, அது வாங்கிட்டீங்களா"ன்னு கேட்டேன். அவரு முகம் மாறிடுச்சு. ஜட்ஜ் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாருன்னு நெனச்சுட்டேன் தங்கச்சின்னாரு. அன்னைக்கு அவரு கோர்ட்ட விட்டு வெளிய வரும்போது வாசல்ல ஒரு ஆள் உக்காந்து, அண்ணே இது பாதிதான், இந்த தேதிக்கு மேல இந்த பாரம் போடுங்கன்னு ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா பத்திரிகை அடிச்சிருக்க மாட்டாரு.

வேற நாட்டுல இத எப்படி பண்றாங்கன்னு தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல ஒவ்வொரு கவுண்டி கோர்ட்டுலயும் ஃபேமிலி லா ஃபெசிலிடேட்டர்னு ஒரு ஆபிஸ் இருந்தே ஆகணும்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. அங்க உக்காந்திருக்கறவங்க வக்கீல்தான், ஆனா யாருக்கும் வக்கீல் கிடையாது, கோர்ட்டோட ஆளு. காசு இல்ல. பிள்ளை செலவு, மனைவி செலவு சம்பந்தமா எந்த பாரம், எப்படி நிரப்பறது, எத்தன காப்பி, எதிராளிக்கு எப்படி சேக்கறது, அடுத்த தேதிக்கு என்ன எடுத்துட்டு வரணும்னு சொல்லித் தருவாங்க. உங்க கூட ஜட்ஜ் முன்னால வந்து பேச மாட்டாங்க, நீங்க ஜெயிப்பீங்களா தோப்பீங்களான்னு சொல்ல மாட்டாங்க, நீங்க சொல்றது வக்கீல்கிட்ட சொல்ற மாதிரி ரகசியமும் இல்லன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க, ஏன்னா காலையில பொண்டாட்டி வந்தா மத்தியானம் அதே கேஸ்ல புருஷன் வரலாம், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி உதவணும். எனக்கு இது ரொம்ப புடிச்சிருந்துச்சு. கவுண்டர்ல சொல்ற "ஆலோசனை சொல்லக்கூடாது"ங்கறதுக்கும், வக்கீல் ஆபிஸ்ல கேக்கற காசுக்கும் நடுவுல, சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள் உக்கார ஒரு நாற்காலி இருக்கு, அத யாரோ போட்டு காட்டிட்டாங்க.

கலிஃபோர்னியா பணக்கார ஊரு, இங்க எங்க நடக்கும்னு சொல்லாதீங்க. நம்ம நாட்டுலயே இதவிட கஷ்டமானத செஞ்சிருக்கீங்க. சபா சரவாக்ல 2007லேர்ந்து நடமாடும் கோர்ட் ஓடுது, அப்ப அங்க தலைமை நீதிபதியா இருந்த ரிச்சர்ட் மலஞ்சும் காலத்துல ஆரம்பிச்சது. ரோடு இல்லாத உள்காட்டு கிராமத்துக்கு மாஜிஸ்திரேட்டே போய், பொறப்பு பத்திரம் இல்லாதவங்க விஷயத்த அங்கயே உக்காந்து பாத்து முடிச்சிருக்காங்க. கோர்ட்டே படகுல, நாலு சக்கர வண்டியில போக முடிஞ்சதுன்னா, தார் ரோடு போட்ட பகாவுக்கு மாசத்துல ரெண்டு நாள் ஒரு ஆள் வர முடியாதா? முழு கோர்ட்டும் கேக்கல, ஜட்ஜ் வேணாம், ஒரு மேசையும் அதுல உக்கார சட்டம் தெரிஞ்ச ஒரு ஆளும்தான் கேக்கறோம்.

அந்த ஆளுக்கு தமிழ் தெரிஞ்சிருக்கணும், இல்ல பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கணும். கோர்ட்டுக்குள்ள கேஸ் கூப்புடும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வர்றாங்க, அது இருக்கு, நல்லாவும் பண்றாங்க. ஆனா கேஸ் கூப்புடற நாளுக்கு முன்னாடியே எல்லா தப்பும் பேப்பர்ல நடந்து முடிஞ்சிடுது. மலாய் பேசத் தெரிஞ்ச நம்ம ஜனங்களுக்கே கோர்ட் மலாய் வேற மொழி மாதிரிதான். பசார்ல பேசற மலாய்ல நஃப்காவுக்கும் (செலவுக் காசு) ஹாக் ஜாகாவுக்கும் (பிள்ளைய வெச்சுக்கற உரிமை) வித்தியாசம் சொல்லித் தர ஆள் இல்ல. பிள்ளைய வெச்சுக்கற உரிமை கேக்கறோம்னு நெனச்சு செலவுக்கு கேக்கற பாரத்த நிரப்பிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். ஏழு வயசுக்கு கீழ உள்ள பிள்ளை அம்மாகிட்ட இருக்கறதுதான் நல்லதுன்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும், ஆனா அத எதிர்த்து சாட்சி காட்டலாம்ங்கறதும் சட்டத்துல இருக்கு, இது தெரியாம பிள்ளைய புடுங்கிடுவாங்கன்னு பயந்து அடி வாங்கிட்டே வீட்டுக்குள்ள இருக்கற பொம்பளைங்க எத்தன பேரு.

அடி வாங்கறவங்க விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா அங்க நாள் கணக்கு இல்ல, மணி கணக்கு. போலீஸ் ரிப்போர்ட் காப்பி எடுக்க வந்த ஒரு பொண்ணு, கன்னத்துல வீக்கம், முக்காடு மாதிரி துப்பட்டாவ இழுத்து விட்டுருந்துச்சு. கோர்ட் ஆர்டர் வர எத்தன வாரம் ஆகும்கான்னு கேட்டுச்சு. 1994 குடும்ப வன்முறைச் சட்டத்த 2017ல திருத்தி, நலத்துறை அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆர்டர் குடுக்கலாம், அது ஏழு நாள் நிக்கும்னு வந்துருக்கு, அப்புறம் மாஜிஸ்திரேட்கிட்ட இடைக்கால ஆர்டர் கேக்கலாம். இது அந்த பொண்ணுக்கும் தெரியாது, கூட வந்த மாமியாருக்கும் தெரியாது. நான் சொல்லி, கெபாஜிகான் (நலத்துறை) ஆபிஸ்க்கு கூட்டிட்டு போய் விட்டேன், கடைய அர நாள் சாத்திட்டு. நான் அன்னைக்கு கடையில இல்லாம இருந்திருந்தா?

சில வக்கீலுங்க இத எதிர்ப்பாங்கன்னு தெரியும். பாதி தெரிஞ்சுக்கிட்டு கேஸ் நடத்தறது ஆபத்துன்னு சொல்வாங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, சொத்து பாகம் பிரிக்கற கேஸ், பிள்ளைய யாரு வெச்சுக்கறதுன்னு ரெண்டு பக்கமும் சண்டை போடற கேஸ், இதுக்கெல்லாம் வக்கீல் வேணும், அந்த மேசையில உக்காந்திருக்கறவங்களே இது உங்களால முடியாது, இந்தாங்க ஜேபிஜி பாரம்னு எடுத்து குடுக்கணும். ஆனா இப்ப அந்த மேசை இல்லாததால யாரு உதவறாங்கன்னு பாருங்க. பஸ் ஸ்டேஷன் பக்கம் காசு வாங்கிட்டு பாரம் நிரப்பித் தர்ற புரோக்கருங்க இருக்காங்க, 300, 400 வெள்ளி வாங்கிட்டு வேற யாரோட மனுவையோ காப்பி அடிச்சு பேர மாத்தி குடுக்கறாங்க. ஒரு தடவ ஒரு மனுவுல பிள்ளைங்க பேரே வேற வீட்டு பிள்ளைங்க பேரா இருந்துச்சு, நான்தான் காப்பி எடுக்கும்போது பாத்து சொன்னேன். வக்கீல்கிட்ட போகாத ஜனங்க புரோக்கர்கிட்ட போறாங்க, வக்கீலுக்கு இந்த மேசையால ஒரு கேஸும் கொறையப் போறதில்ல.

மூணு காரியம் கேக்கறேன். பகாவ் கோர்ட் கட்டடத்துலயோ, ஜேபிஎன் ஆபிஸ்லயோ, எங்கயாவது ஒரு இடத்துல மாசத்துல ரெண்டு நாள் இந்த மேசைய போடுங்க, அதுல ஒரு நாள் சனிக்கிழமையா இருக்கட்டும், தோட்டத்து ஜனங்களுக்கு லீவு போடாம வர முடியும். ஜீவனாம்ச மனு, ரெண்டு பேரும் சம்மதிச்சு போடற டைவர்ஸ் மனு, இதுக்கு டிக் அடிச்சு காலி இடத்துல நிரப்பற மாதிரி ஒரே பாரம் போடுங்க, பக்கத்துலயே தமிழ்ல, சீனத்துல என்ன அர்த்தம்னு அச்சடிச்சு வையுங்க. அப்புறம் ட்ரிபியூனல் சர்ட்டிபிகேட் குடுக்கும்போது அதோட சேத்து, அடுத்து எங்க போகணும், எது இலவசம், எதுக்கு எந்த ஆபிஸ்னு ஒரு பக்கம் குடுங்க, அந்த ஒரு பக்கம் என் கையில இருந்திருந்தா என் பேப்பர் பீரோவுல கெடந்திருக்காது.

2018 டிசம்பர் 15லேர்ந்து பிள்ளை 18 வயசு தாண்டினாலும் மேல படிச்சா அந்த படிப்பு முடியற வரைக்கும் செலவு கேக்கலாம்னு சட்டத்த திருத்துனீங்க, நல்ல திருத்தம், மனசார பாராட்டறேன். ஆனா போன வாரம்கூட ஃபாரம் ஆறு முடிச்ச பொண்ணோட அம்மா, அவளுக்கு 18 ஆயிடுச்சு, அப்பன்கிட்ட இனிமே ஒன்னும் கேக்க முடியாதுல்லன்னு என்கிட்ட கேட்டாங்க. அந்த பொண்ணுக்கு யூனிவர்சிட்டி சீட் கிடைச்சிருக்கு. நான் சட்டப் பிரிவு நம்பர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி குடுத்து, சிரம்பானுக்கு போங்கக்கான்னு அனுப்புனேன், போனாங்களான்னு தெரியல, பஸ் காசு இருந்துச்சான்னும் கேக்கல, கேட்டிருக்கணும்.

இடம் இல்லன்னு சொன்னீங்கன்னா என் கடை முன்னாடி கூடாரம் போட இடம் இருக்கு. மேசை என்கிட்ட இருக்கு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கு, ஃபேன் கரெண்டு நான் தர்றேன், அன்னைக்கு வர்றவங்களுக்கு காப்பி எடுக்க நான் ஒரு காசும் வாங்க மாட்டேன். நீங்க ஆள மட்டும் அனுப்புங்க. எந்த சனிக்கிழமைன்னு ஒரு வாரம் முன்னாடி சொன்னா போதும், தோட்டம் தோட்டமா சொல்லி அனுப்பறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பகாவ் டவுன் ஃபோட்டோஸ்டேட் கடைக்காரம்மா